தாது வருஷத்துக்கு எத்தனை பிக்சல்?

சார் வாட்ஸப்ல அனுப்பின எக்ஸெல் ஃபைல்ல மொத்தம் 340 வரி. அதுல "தேதி"ன்னு தலைப்பு போட்ட கட்டத்துல என்னென்ன இருந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. "1.7.1856", இது ராயபுரத்துலேருந்து முதல் ரயில் கிளம்பின நாள், நல்ல பிள்ளையா உக்காந்திருக்கு. அதுக்குக் கீழ "1639 ஆகஸ்ட் 22 (ஜூலை?)". அப்புறம் "1850 வாக்குல". அப்புறம் "தாது வருஷம்". அப்புறம் "15 லட்சம் வருஷம் முன்னாடி". ஒரு வரில வெறும் "எங்க தாத்தா காலம்"னு மட்டும் இருந்துச்சு, என்னடா இதுன்னு பக்கத்து கட்டத்தப் பார்த்தா பக்கிங்ஹாம் கால்வாய்ல விறகு படகு ஓடினது.

சார் எனக்கு பத்தாவதுல வரலாறு எடுத்தவரு, ரிட்டயர்ட் ஆகி ரொம்ப நாளாச்சு, ஆனா சும்மா இருக்கத் தெரியாது. "தம்பி, மெட்ராஸ் கதைய பசங்க ஃபோன்லயே இழுத்து இழுத்துப் பாக்கற மாதிரி ஒரு கோடு போட்டுக் குடு, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே"ன்னாரு. நானும் ரெண்டே வாரம் சார்னு சொல்லிட்டேன். அது ஆச்சு ஒன்றரை வருஷம்.

ரெண்டு வாரம்னு நான் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. டைம்லைன், அதாவது சார் கேட்ட இந்தக் காலக்கோடு, பண்றது ஈஸின்னு எனக்குள்ள பதிஞ்சு போயிருந்தது, ஏன்னா காலேஜ் படிக்கிறப்ப சிமைல் டைம்லைன்னு ஒரு புரோகிராம நோண்டியிருக்கேன். 2006ல எம்ஐடில டேவிட் ஹுயின்னு ஒருத்தர் எழுதினது, கூகுள் மேப்ஸ்ல இடத்த இழுக்கற மாதிரி நேரத்த இழுக்கலாம்ங்கிறதுதான் ஐடியா. மேல ஒரு பட்டை, அது மாசக் கணக்கு, கீழ இன்னொரு பட்டை, அது வருஷக் கணக்கு, ரெண்டையும் முடிச்சு போட்டு வச்சிருப்பாங்க, கீழ் பட்டைய கொஞ்சம் இழுத்தா மேல் பட்டை சர்ருன்னு ஓடும். அதோட டெமோல கென்னடி கொலை நடந்த 1963 நவம்பர் 22ஆம் தேதி இருக்கும், அத அப்ப வாயப் பொளந்து பாத்தேன். அந்தக் கோட் முழுக்க எனக்குப் பிடிச்ச பேரு ஒண்ணு இருந்துச்சு, ஈதர். எந்தத் தேதி எந்த பிக்சல்ல, அதாவது ஸ்க்ரீனோட எந்தப் புள்ளில, விழணும்ங்கிறத முடிவு பண்ற ஆப்ஜெக்ட்டுக்குத்தான் அந்தப் பேரு. வெளிச்சம் எதுல மிதந்து வருதுன்னு அந்தக் கால விஞ்ஞானிங்க நெனச்சாங்களே, அந்த ஈதர். தேதிங்க எல்லாம் அதுல மிதக்குது. பேரு வச்சவன் ரசிகன்.

ஆனா அது டச் ஸ்க்ரீன் ஃபோன் வர்றதுக்கு முந்தின காலத்து கோட். சாரோட பசங்க கையில இருக்கறது ஃபோன் மட்டும்தான். சரி, நாமளே எழுதுவோம்னு உக்காந்தேன்.

முதல் நாள் ஜாலியா போச்சு. டைம்லைனோட மூளைன்னு பார்த்தா ஒரே ஒரு கணக்குதான்: இந்த நிகழ்ச்சியோட நேரத்துலேருந்து ஸ்க்ரீன் இடது ஓரத்தோட நேரத்தக் கழி, ஒரு பிக்சலுக்கு எவ்ளோ நேரமோ அதால வகு, அவ்ளோதான் அது நிக்க வேண்டிய இடம். இழுக்கறதுன்னா இடது ஓரத்து நேரத்த மாத்தறது. ஸூம்னா ஒரு பிக்சலுக்கு எவ்ளோ நேரங்கிறத மாத்தறது. இதுல எல்லாரும் ஒரு தடவ விழற பள்ளம் ஒண்ணு இருக்கு, நானும் விழுந்தேன். ஸூம் பண்றப்ப அந்த ஒண்ண மட்டும் மாத்தினா இடது ஓரம் அசையாம நிக்கும், நீங்க மவுஸ் வச்சு ஆசையா பாத்துட்டிருந்த நிகழ்ச்சி ஸ்க்ரீன விட்டே ஓடிப் போயிரும். மவுஸுக்குக் கீழ இருக்கற தேதி அங்கயே நிக்கணும்னா, ஸூம் பண்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல என்ன தேதின்னு கேட்டு வச்சுக்கிட்டு, அளவ மாத்தினப்புறம் அதே தேதி அதே பிக்சல்ல விழற மாதிரி இடது ஓரத்தத் திரும்பக் கணக்குப் போடணும். ரெண்டு வரி கோட். அது இல்லாம டைம்லைன் கையில நிக்காது, விரால் மீன் மாதிரி வழுக்கும்.

இழுத்துப் பாக்கற டைம்லைன் நம்ம காலத்து சமாச்சாரம்னு நெனச்சுட்டிருந்தேன், தேடிப் பாத்தா 1753லயே பிரான்ஸ்ல பார்ப்யூ துபூர்ங்கிற ஒரு டாக்டர் பண்ணிட்டாரு. 54 அடி நீளக் காகிதம், அதுல உலக வரலாறு, ரெண்டு உருளைல சுத்தி ஒரு பெட்டிக்குள்ள வச்சு கைப்பிடி போட்டிருக்காரு. இந்தப் பக்கம் திருப்பினா முன்னாடி போகும், அந்தப் பக்கம் திருப்பினா பின்னாடி. ஸ்க்ரோல் பார் அதுதானே! பன்னண்டு வருஷம் கழிச்சு 1765ல இங்கிலாந்துல பிரீஸ்ட்லி, ஆமா நம்ம கெமிஸ்ட்ரி புக்ல ஆக்ஸிஜன் கண்டுபிடிச்சதா வருவாரே அவரேதான், சுமார் ரெண்டாயிரம் பேரோட வாழ்க்கைய ஆளுக்கு ஒரு கோடா ஒரே தாள்ல போட்டாரு. அதுல ஒரு விஷயம் என்ன ரொம்ப நாள் தொந்தரவு பண்ணுச்சு. பொறந்த வருஷமோ செத்த வருஷமோ உறுதியா தெரியாதவங்களுக்கு கோட்டோட முனையில புள்ளி புள்ளியா விட்டிருக்காரு. 260 வருஷம் முன்னாடி மனுஷன் பேனாவால பண்ணத, எல்லா வசதியும் கையில வச்சுக்கிட்டு என் முதல் வெர்ஷன்ல நான் பண்ணல. "தேதி கட்டாயம், வருஷம்-மாசம்-நாள்"னு ஒரு கட்டம் வச்சு சாருக்கு அனுப்பினேன். 

அவரு எல்லாத்தையும் ஜனவரி 1ன்னு நிரப்பி அனுப்பிட்டாரு. 1850 வாக்குலன்னு இருந்தது 1850-01-01 ஆயிருச்சு. பொய்க்கு ஒரு துல்லியம் வந்துருச்சு. ஸூம் பண்ணிப் பாத்தா மெட்ராஸ்ல 400 வருஷமா எல்லாமே புது வருஷத்தன்னிக்குத்தான் நடந்திருக்கு.

இதுக்கு மேல, பிரவுசர்ல ஓடற புரோகிராம் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்ல தேதிய வச்சுக்கற டேட் ஆப்ஜெக்ட் வேற. அதப் பத்தி ஊரே திட்டிருக்கு, மாசம் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும் அது இதுன்னு, அத விடுங்க. எனக்கு வந்தது கொஞ்சம் ஸ்பெஷல். சார் ஷீட்ல பரங்கிமலைல தோமையார் கொல்லப்பட்டது கி.பி. 72ன்னு ஐதீகம்னு ஒரு வரி. ஏத்தினேன், காணோம். இடது பக்கம் கடைசி வரைக்கும் தேடுறேன், இல்ல. கடைசில பாத்தா ஆளு 1972ல நிக்கிறாரு, அதிமுக ஆரம்பிச்ச வரிக்குப் பக்கத்துல. வருஷம்னு 0லேருந்து 99க்குள்ள எத எண்ணாக் குடுத்தாலும் இந்த ஆப்ஜெக்ட் அதோட 1900ஐ கூட்டிக்கும், பழைய காலத்துல ரெண்டு இலக்கத்துல வருஷம் எழுதின பழக்கத்துக்காக வச்ச ஏற்பாடு. சார்கிட்ட சொன்னா ரெண்டு நாள் சிரிச்சாரு.

அடுத்தது சிரிக்கிற மாதிரி இல்ல. ஒரு நாள் காலைல ஃபோன். "தம்பி, கன்னிமாரா லைப்ரரி தொறந்தது 1896 டிசம்பர் 5, நீ 4ன்னு போட்டிருக்க." இல்ல சார் நீங்க குடுத்த 5தான்னு சொல்லிட்டு நான் பாக்கறேன், ஸ்க்ரீன்ல 4. ராயபுரம் ரயில் 1856, சரியா ஜூலை 1ன்னு காட்டுது. எம்டன் குண்டு போட்டது 1914, சரி. கன்னிமாரா மட்டும் ஒரு நாள் பின்னாடி. அது மட்டுமில்ல, உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தா 1870லேருந்து 1905 வரைக்கும் இருக்கற அத்தனையும் ஒரு நாள் பின்னாடி, அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி. இப்படி ஒரு முப்பத்தஞ்சு வருஷத்த மட்டும் கடிக்கிற பக் எங்கேருந்து வரும்னு மூணு ராத்திரி தூங்கல.

விஷயம் இதுதான். நான் தேதிய யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, சேத்து வைக்கிறப்ப, நம்ம ஊரு அஞ்சரை மணி நேரம்தானேன்னு கையாலயே அஞ்சரைய கழிச்சு வச்சிருந்தேன். காட்டறப்ப பிரவுசர்கிட்ட உள்ளூர் நேரமா மாத்திக் குடுன்னு கேட்டேன். பிரவுசர் என்ன விட வரலாறு நல்லா படிச்சிருக்கு. இந்தியா முழுக்க அஞ்சரைங்கிற கணக்கு வந்ததே 1906 ஜனவரி 1ல. பிரவுசருக்குள்ள இருக்கற நேர மண்டல அட்டவணைல இந்தியாவுக்கு அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னா மெட்ராஸ் டைம், 5 மணி 21 நிமிஷம் 10 செகண்ட். நுங்கம்பாக்கத்துல இருந்த வானியல் ஆராய்ச்சிக் கூடத்தோட நேரம், அப்ப ரயில்வேக்கு அதுதான் கணக்கு. அதுக்கும் முன்னாடி கல்கத்தா கணக்கு, 5 மணி 53 நிமிஷம் சொச்சம். அப்ப நான் வச்ச நடுராத்திரி 12 மணி, மெட்ராஸ் டைம்ல 8 நிமிஷம் 50 செகண்ட் குறைஞ்சு முந்தின நாள் ராத்திரி 11:51 ஆயிருது. கல்கத்தா கணக்குல 12:23, அதனால தேதி தப்பிச்சிருது. என்னோட மெட்ராஸ் டைம்லைன மெட்ராஸ் டைமே வந்து கடிச்சிருக்கு. கோவம் வரல, சத்தியமா கை தட்டணும் போல இருந்துச்சு.

அன்னிக்கே டேட் ஆப்ஜெக்ட்ட டைம்லைன விட்டுத் தூக்கினேன். கன்னிமாரா தொறந்த நாளுக்கு மணியும் கிடையாது, மண்டலமும் கிடையாது, அது ஒரு நாள், அவ்ளோதான். அதுக்கு எதுக்கு டேட் ஆப்ஜெக்ட் மாதிரி 1970லேருந்து மில்லி செகண்ட் எண்ணணும்? வருஷம், மாசம், நாள்னு மூணு எண்ணா தனியா வச்சேன், கோட்டுல நிறுத்தறதுக்கு மட்டும் அத தசம வருஷமா மாத்திக்கிட்டேன், 1896.93ங்கிற மாதிரி. இப்ப ஜாவாஸ்கிரிப்ட்ல டெம்பொரல்னு புதுசா வந்துட்டிருக்கு, அதுல மணியில்லாத வெறும் நாளுக்குன்னே ஒரு வகை இருக்கு, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அதுலயும் ஒரு வரி அடங்காது.

அந்த வரி 15 லட்சம் வருஷம். "மெட்ராஸ் கதை 1639லயா தம்பி ஆரம்பிக்குது?"ன்னு சார் ஆரம்பிப்பாரு. 1863ல பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற நிலவியல் ஆராய்ச்சியாளர் ஒரு கல் கோடாரிய எடுத்தாரு, இந்தியாவுல கற்காலம்னு ஒண்ணு இருந்ததுக்கே அதுதான் முதல் சாட்சி. அதே வருஷம் அத்திரம்பாக்கத்துலயும் எடுத்தாரு, சென்னைலேருந்து அறுபது கிலோமீட்டர் வாக்குல. அந்த அத்திரம்பாக்கத்துல பின்னாடி தோண்டினப்ப கெடச்ச கோடாரிங்களுக்கு 15 லட்சம் வருஷம்னு 2011ல கணக்கு சொன்னாங்க. டேட் ஆப்ஜெக்ட் 1970லேருந்து ரெண்டு பக்கமும் 10 கோடி நாள்தான் எண்ணும், அதாவது சுமார் 2,74,000 வருஷம். கோடாரி இருக்கற தூரத்துல அது கால்வாசி கூட வராது, செல்லாத தேதின்னு துப்பிரும். தசம வருஷத்துக்கு அந்தப் பிரச்சனை இல்ல, மைனஸ் பதினஞ்சு லட்சம்னு ஒரு எண், அவ்ளோதான். ஆனா என் டைம்லைன்ல ஒரு வருஷத்துக்கு 3 பிக்சல். கணக்குப் போட்டேன், கோடாரிய பாக்கணும்னா ஸ்க்ரீன இடது பக்கம் 1.2 கிலோமீட்டர் இழுக்கணும். ராயபுரம் ஸ்டேஷன்லேருந்து நடந்தே ஹார்பர் பக்கம் போயிரலாம்.

அப்பதான் ஈதர் ஞாபகம் வந்துச்சு. சிமைல்ல ஹாட் ஸோன்னு ஒண்ணு உண்டு: கோடு முழுக்க ஒரே அளவா இருக்க வேண்டியதில்ல, கூட்டமா இருக்கற இடத்த மட்டும் பத்து மடங்கு விரிச்சுக்கலாம். கென்னடி டெமோல அந்த ஒரு நாளுக்கு மட்டும் அப்படித்தான் பண்ணியிருப்பாங்க, மத்த மாசமெல்லாம் ஒடுங்கி நிக்கும், அந்த வெள்ளிக்கிழமை மட்டும் மணிக்கணக்கா விரியும். தேதிய பிக்சலாக்கற வேலைய ஒரே இடத்துல அடைச்சு வச்சதோட அருமை இங்கதான் தெரியும். நானும் கொஞ்சம் கொஞ்சமா எல்லா ஃபைல்லயும் தூவி வச்சிருந்த அந்தக் கழித்தல் வகுத்தல தேடிப் பிடுங்கி ஒரே ஃபங்ஷனா ஆக்கினேன், ரெண்டு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் எம்டனுக்கு ஒரு விரிப்பு வச்சேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒம்பதரை வாக்குல ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்துப் பக்கத்து எண்ணெய் டேங்குங்கள கொளுத்திட்டுப் போனது, மொத்தமும் நிமிஷக் கணக்குல நடந்தது, ஊரு காலி பண்ணி ஓடுனது நாள் கணக்கு, "அவன் பெரிய எம்டன்டா"ன்னு நாம பேசறது நூறு வருஷக் கணக்கு. ஒரே அளவு கோட்டுல இந்த மூணையும் எப்படிப் போடறது.

கோடாரிக்கு மட்டும் விரிப்பும் உதவல. அங்க கோட்ட ஒடிச்சேன். இடது ஓரத்துல சீவல் சீவலா ஒரு வெட்டு, அதுக்கு அந்தப் பக்கம் கோடாரி. சிலர் இதுக்கு லாக் அளவு, அதாவது ஒவ்வொரு படிக்கும் பத்து பத்து மடங்கா ஏறற அளவு, போடுவாங்க, போட்டும் பாத்தேன், பசங்களுக்கு ஒண்ணும் புரியல, எனக்கே ராஜராஜனுக்கும் கற்காலத்துக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு கண்ணு சொல்லல. ஒடிச்ச கோடு நேர்மையா இருக்கு, இங்க நான் காட்டலன்னு அதுவே சொல்லுது.

1639க்கு வர்றேன். சாரோட "(ஜூலை?)" சும்மா போட்டதில்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு பிரான்சிஸ் டேக்கு மெட்ராஸ எழுதிக் குடுத்த நாளு ஜூலை 22ஆ ஆகஸ்ட் 22ஆங்கிறது பழைய சண்டை, இப்ப மெட்ராஸ் டே கொண்டாடறது ஆகஸ்ட்ல. அது போக இங்கிலீஷ்காரங்க அப்ப பழைய ஜூலியன் காலண்டர்ல இருந்தாங்க, இன்னிக்கு நாம எண்ற கணக்குக்கு 10 நாள் பின்னாடி. அதுக்கும் மேல, அவங்களுக்கு வருஷமே மார்ச் 25லதான் பொறக்கும், 1752ல மாத்தற வரைக்கும். அதனால கோட்டை கட்டறதுக்கு கப்பல் வந்து எறங்கின பிப்ரவரி, நமக்கு 1640, அவங்க கடுதாசில 1639. சார் ரெண்டு புஸ்தகத்துலேருந்து எடுத்து ரெண்டு வரியா போட்டிருந்தாரு. ஸ்க்ரீன்ல பாத்தா, நிலம் எழுதி வாங்கறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஆளுங்க கோட்டை கட்ட வந்து நிக்கிறாங்க. ஷீட்ல வரி வரியா படிச்சப்ப ரெண்டு பேருக்குமே கண்ணுல படல, கோட்டுல போட்டதும் அம்மணமா தெரிஞ்சுது. டைம்லைன் மேல எனக்கு மரியாதை வந்த நாள்னா அதுதான்.

அதனால தேதிய மாத்தி எழுதினேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ரெண்டு எண்: இதுக்கு முன்னாடி இருக்க முடியாது, இதுக்குப் பின்னாடி இருக்க முடியாது. கூடவே மூணாவதா, சார் ஷீட்ல எழுதின வார்த்தை அப்படியே, "1850 வாக்குல"ன்னா அதே வார்த்தைதான் பசங்களுக்குத் தெரியும். இதுலயும் நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கல, சிமைல்லயே ஒரு நிகழ்ச்சி எப்ப ஆரம்பிச்சிருக்கலாம், கடைசியா எப்ப ஆரம்பிச்சிருக்கணும்னு ரெண்டு கட்டம் உண்டு, காலேஜ்ல பாத்தப்ப எவனுக்கு இது வேணும்னு தாண்டிப் போயிருந்தேன். விக்கிபீடியாவோட கூடப் பொறந்த தகவல் கிடங்கு விக்கிடேட்டாவுலயும் தேதியோட கூடவே அது நாள் வரைக்கும் துல்லியமா, வருஷம் வரைக்குமா, நூற்றாண்டு வரைக்குமான்னு ஒரு எண் ஒட்டிக்கிட்டு இருக்கும். வரையறதுக்கு, பேஜோட தோற்றத்த எழுதற சிஎஸ்எஸ்ல ஒரு கிரேடியன்ட், அதாவது கலர் கரையற பூச்சு, போதும். உறுதியான இடம் கெட்டிக் கலர், உறுதியில்லாத முனை மங்கி மங்கி கரையும். பிரீஸ்ட்லியோட புள்ளிகளுக்கு பதிலா என்னோட மங்கல்.

இதுக்கு நடுவுல எழுத்துப் பிரச்சனை. இங்கிலீஷ்ல டைம்லைன் எழுதறவங்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. "செயின்ட் ஜார்ஜ் கோட்டை கட்ட ஆரம்பிச்சது"ங்கிறது ஃபோன்ல பாதி ஸ்க்ரீன். லேபிள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்க, கல்யாணப் பந்தி மாதிரி பண்ணுவாங்க: வந்த வரிசைல நிறுத்து, முதல் வரிசைல இலை காலியா இருந்தா உக்கார வை, இல்லன்னா அடுத்த வரிசை. அதுக்கு ஒவ்வொரு லேபிளும் எவ்ளோ அகலம்னு தெரியணும். நான் அளந்தப்ப தமிழ் எழுத்துரு இன்னும் டவுன்லோடே ஆகல, பிரவுசர் வேற ஏதோ எழுத்துருவுல அளந்து குடுத்துருச்சு, அப்புறம் நிஜ எழுத்துரு வந்து எல்லாம் பக்கத்து இலைல கை வச்சுருச்சு. எழுத்துரு வந்து சேந்தப்புறம் அளக்கணும், சின்ன விஷயம், ரெண்டு நாள் போச்சு. நீளமான தலைப்ப 20 எழுத்தோட வெட்டினா அது இன்னொரு கூத்து, கம்ப்யூட்டருக்கு எழுத்துன்னா வேற. மெய்யெழுத்து தலைலேருந்து புள்ளி மட்டும் கழண்டு போயி "கால்" வெட்டுப்பட்டு "கால" ஆயிருது. சாரோட பழைய ஃபைல் சிலதுல ஒகரத்துக்கு ஒத்தக் கொம்பும் காலும் தனித்தனி குறியா கெடந்துச்சு, அதுல வெட்டு நடுவுல விழுந்தா "கொ" வந்து "கெ" ஆயிரும். முதல்ல எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்து, அப்புறம் எழுத்து எழுத்தா பிரிக்கிறதுக்குன்னு பிரவுசர்லயே இருக்கற செக்மென்டர வச்சு வெட்டினேன். தமிழ்ல எதையும் நீளம் பாத்து வெட்றவங்க தயவு செஞ்சு இத பண்ணுங்க, நியூஸ் சைட்டுங்கள்ல பாதி தலைப்பு புள்ளியில்லாம அலையுது.

பந்தி முறைல இன்னொரு எரிச்சல், ஸூம் பண்ற ஒவ்வொரு நொடியும் கூட்டம் மாறுது, லேபிளுங்க மேல கீழ குதிச்சுக்கிட்டே இருக்கும், தவளை மாதிரி. ஸூம் அளவ பன்னண்டு படியா பிரிச்சு, ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவதான் இடம் ஒதுக்கறது, நடுவுல யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு வச்சேன். அப்பவும் 1850லேருந்து 1950க்கு இடமில்ல, நெரிசல். நெரிசலான இடத்துல முக்கியமான ஒண்ண காட்டி மத்தத "+7"ன்னு மடிச்சேன். எது முக்கியம்னு யார் சொல்றது? சார்தான். 340 வரிக்கும் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடச் சொன்னேன், ஒரு மாசம் எடுத்துக்கிட்டாரு. வாழ்க்கைல போட்டதுலயே கஷ்டமான பேப்பர் திருத்தல் இதுதான்னாரு.

ஃபோன்ல என் தங்கச்சிதான் முதல் ஆளு. "அண்ணா, பேஜ் கீழ போகவே மாட்டேங்குது, உன் டைம்லைன்ல மாட்டிக்கிட்டேன்"ன்னா. விரல் எங்க பட்டாலும் நான் பிடிச்சு வச்சுக்கிட்டேன். குறுக்க இழுத்தா எனக்கு, நெடுக்க இழுத்தா பேஜுக்குன்னு பிரவுசர்கிட்ட சொல்ல சிஎஸ்எஸ்ல ஒரே ஒரு வரி இருக்கு, டச் ஆக்ஷன். கம்ப்யூட்டர்ல மவுஸ் சக்கரத்துக்கும் அதே கதி, இப்ப கன்ட்ரோல் அழுத்தினாதான் ஸூம். இன்னொண்ணு, இழுத்துட்டு விரல எடுத்தா அது க்ளிக்குன்னு எடுத்துக்கிட்டு கீழ இருந்த நிகழ்ச்சி தொறந்துக்கும். அஞ்சு பிக்சலுக்கு மேல நகர்ந்திருந்தா அது க்ளிக் இல்லன்னு வச்சதும் சரியாச்சு.

கண்ணு தெரியாத ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், ஸ்க்ரீன்ல இருக்கறத சத்தமா படிச்சுக் காட்ற ஸ்க்ரீன் ரீடர் வச்சுத்தான் எல்லாம். அவன்கிட்ட பெருமையா லிங்க் அனுப்பினேன். "மச்சான், உன் மெட்ராஸ் வரலாறு எனக்கு பட்டன் பட்டன் பட்டன்னு மட்டும்தான்டா சொல்லுது"ன்னான். அடுத்த நாளே அடியோட மாத்தினேன். இப்ப அடில இருக்கறது வெறும் வரிசைப் பட்டியல், எச்டிஎம்எல்ல எழுதினது, தேதி, தலைப்பு, ரெண்டு வரி கதை. டைம்லைன்ங்கிறது அந்தப் பட்டியலுக்கு மேல போட்ட சட்டை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடலன்னாலும் படிக்கலாம், அம்புக்குறி அழுத்தி ஒவ்வொண்ணா போகலாம். இத முதல்லயே பண்ணியிருந்தா நாலு மாசம் மிச்சம். எச்டிஎம்எல்ல தேதிக்குன்னு இருக்கற டைம் டேக் கூட கி.மு. வருஷத்த ஒத்துக்காது, கோடாரிக்கு அங்கயும் இடமில்ல, பாவம்.

கடைசியா சார் கேட்டது தமிழ் வருஷம். அவரு ஷீட்ல "தாது வருஷம்"னு இருந்தத நான் 1876-78னு மாத்தினது அவருக்குப் பிடிக்கல. "எங்க பாட்டி 1876ன்னா சொன்னா? தாது வருஷப் பஞ்சம்னுதான் சொன்னா. கஞ்சித்தொட்டி, கால்வாய் வெட்டப் போனது, எல்லாம் அந்தப் பேருலதான் ஞாபகம் இருக்கும் தம்பி." நியாயம்தான். பஞ்ச நிவாரண வேலையாத்தான் அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவுல பக்கிங்ஹாம் கால்வாய வெட்டி சேத்தாங்க, அதே கால்வாய்லதான் அவரு தாத்தா விறகு ஓட்டியிருக்காரு.

அடியில இன்னொரு பட்டை சேத்தேன். ஈதர் ஒரே இடத்துல இருக்கறதால பட்டை சேக்கறது ஒரு மணி நேர வேலைதான். தமிழ் வருஷத்துக்கு மொத்தம் 60 பேரு, சுத்திச் சுத்தி வரும். 1987 முதல் பேரு, பிரபவ, அதுலேருந்து எண்ணி 60ஆல வகுத்தா மீதிக்கு ஒரு பேரு. ஓட்டினேன், 1987க்கு இந்தப் பக்கம் அழகா வருது, அந்தப் பக்கம் பூரா காலி. ஜாவாஸ்கிரிப்ட்ல மைனஸ் எண்ண வகுத்தா மீதியும் மைனஸ்தான், -111க்கு -51னு குடுக்குது, அந்த இடத்துல எந்த வருஷப் பேரும் இல்ல. 60அ ஒரு தடவ கூட்டி மறுபடி மீதி எடுத்தா 9, பூஜ்யத்துலேருந்து எண்ணினா பத்தாவது பேரு, தாது. ஸ்க்ரீன்ல பஞ்சத்துக்கு நேர் கீழ அந்தப் பேரு வந்து நின்னப்ப ஒரு மாதிரி ஆயிருச்சு. வருஷம் பொறக்கற நாளையும் ஏப்ரல் 14ன்னு பழைய காலத்துக்குப் போட முடியாது, அறுபது எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் நகருது, அதனால வருஷ எல்லைலயும் அதே மங்கல்தான்.

போன வாரம் சாருக்கு தேடற வசதி போட்டுக் குடுத்தேன். முதல் வேலையா தாதுன்னு அடிச்சிருக்காரு. உடனே ஃபோன்.

"தம்பி, ரெண்டு வருதே."

"எது சார் ரெண்டு?"

"பஞ்சம் ஒண்ணு. அப்புறம் மெட்ராஸ் சென்னைன்னு ஆனது."

பாத்தேன். 1996. அறுபது, நூத்தி இருபது, ஆமா, அதுவும் தாதுதான். பேருக்கு முன்னாடி நூத்தாண்ட சேத்துக் காட்டி இத பிரிச்சு விடட்டுமா சார்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அந்தப் பக்கம் இழுத்து இழுத்துப் பாக்கறாருன்னு நெனக்கிறேன், ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"வேணாம், இருக்கட்டும். 1936லயும் ஒண்ணு வரணுமே, அதுல என்ன நடந்துச்சுன்னு நான் இன்னும் எழுதல பாரு. ஷீட் அனுப்பறேன்"ன்னாரு.